கரையின் சிக்னல் கடலில் எதுவரை?

அலைபேசியும் அடிப்படையில் ஒரு வானொலிக் கருவியே ஆதலால், படகிலிருந்து அதில் பேச முடியுமா என்பதைக் கருவியின் விலையைவிடக் கரையில் நிற்கும் கோபுரத்தின் உயரமும் புவியின் வளைவுமே தீர்மானிக்கின்றன. 40 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, கடல்மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே படகில் நிற்பவரின் கையிலுள்ள கருவியை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரை எட்டும். அதற்கு அப்பால் கடலின் வளைவே திரையாகிவிடும். கோபுரம் இன்னும் உயரமாக இருந்தாலும், இரண்டாம் தலைமுறை ஜி.எஸ்.எம். முறைக்கு வேறோர் எல்லை உண்டு. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பகிர்வதற்காக நேரத்தைத் துண்டுகளாக்கும் அம்முறையில், தொலைவிலிருந்து பிந்தி வரும் அலை அடுத்தவரின் துண்டில் விழாதபடி செய்யப்படும் திருத்தம், வழக்கமான அமைப்பில் 35 கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது.

இந்த எல்லையோரத்தில் பேச்சும் மின்னஞ்சலும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. பேச்சுக்கு இடையறாத தொடர்பு தேவைப்படுவதால், சிக்னல் சில நொடிகள் மறைந்தாலே அழைப்பு அறுந்துபோகும். மின்னஞ்சலோ கருவிக்குள்ளேயே காத்திருந்து, சிக்னல் மீண்டதும் புறப்பட்டுவிடும். படம் எதுவும் சேர்க்காமல் சில வரிகளில் எழுதப்படும் மடல் கரைசேர, சிறிது நேரச் சிக்னலே போதும்.

கரையோரக் கடலில் அலைபேசி ஆற்றிய பணிக்கு வட கேரளம் சிறந்த சான்று. 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளின்றி மத்தி மீனைக் கொட்டிவிட இருந்த வேளையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த பிற சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தனர் என்று பொருளியலறிஞர் ராபர்ட் ஜென்சன் பதிவுசெய்துள்ளார். 1997 முதல் 2001 வரை கோபுரங்கள் படிப்படியாக வந்தபோது, படகிலிருந்தே விலை கேட்டு எந்தக் கரைக்குப் போவதென்று முடிவுசெய்ய முடிந்ததால், மீனவரின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலையும் 4 விழுக்காடு குறைந்தது. விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே ஆதாயம் தந்த இத்தகைய மாற்றம் அரிது.

ஆனால் அதே கருவியை ஆழ்கடலில் நம்புவது ஆபத்து. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, பல நாள் தங்கித் தொழில் செய்யக் குமரி மாவட்டத்திலிருந்து போயிருந்த படகுகள் கோபுரங்களின் எல்லையைக் கடந்திருந்ததால், எச்சரிக்கை அவற்றை எட்டவில்லை. படகுகளிலுள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸின் 16ஆம் சேனலில் எழுப்பும் அபயக்குரலை அருகிலுள்ள படகுகள் அனைத்தும் ஒருங்கே கேட்க முடியும் என்றாலும், அதன் வீச்சும் அடிவானத்தை ஒட்டியதே. துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் பேசிகளையோ அரசின் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருக்க முடியாது.

இந்த இடைவெளியை நிரப்ப 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி, இந்தியாவின் ககன் அமைப்பின் செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையைப் பெற்று புளூடூத் மூலம் அலைபேசிக்குக் கொடுத்ததேயன்றி, படகிலிருந்து பதில் அனுப்ப வழி தரவில்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட, 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கான டிரான்ஸ்பாண்டர் திட்டம் அக்குறையைத் தீர்க்க முனைகிறது. செயற்கைக்கோளோடு இருவழியிலும் தொடர்புகொள்ளும் இக்கருவியோடு இணைந்தால், கோபுரத்தை இழந்த அலைபேசியும், பேச முடியாவிட்டாலும், ஆபத்தைக் கரைக்கு எழுதித் தெரிவிக்கும்.