உயரம் குறைந்தோருக்கு மலை மிதிவண்டி பொருத்துதல்

உயரம் குறைந்தோருக்கு மலை மிதிவண்டி பொருத்துதல் என்பது, ஏறத்தாழ 150 செ.மீ.க்கும் குறைந்த உயரமுடையவரின் உடல் அளவுகளுக்கு ஏற்பச் சட்டகம், சக்கரம், கிராங்க், கைப்பிடி ஆகியவற்றைத் தேர்ந்து அமைப்பதாகும். இருக்கையைத் தாழ்த்துவது மட்டுமே பொருத்தம் ஆகாது.

பின்னணி

தமிழ்நாட்டில் நெடுங்காலம் பரவலாக இருந்தது 28 அங்குலச் சக்கரமும் "பார்" எனப்படும் குறுக்குக் குழாயும் கொண்ட ஆண்கள் மிதிவண்டியே. இருக்கை எட்டாத சிறுவர்கள் பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து ஓட்டினர். இது குரங்குப் பெடல் எனப்பட்டது.

1990களின் தொடக்கத்தில், திருச்சிராப்பள்ளியை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றனர். பெண்கள் மிதிவண்டி போதாமையால் பலர் பார் உள்ள வண்டிகளையே ஓட்டினர். குழந்தையைப் பாரில் அமர்த்தலாம் என்பதால் அவற்றை விரும்பியோரும் உண்டு என இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

இவ்விரண்டிலும் ஓட்டுநரே வண்டிக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டார். சமதளச் சாலையில் இது இயலும். கற்களும் சரிவும் நிறைந்த பாதையில் திடீரென இறங்க நேரும்போது பார் உயரமாக இருந்தால் காயம் ஏற்படும்.

அளவெடுத்தல்

காலணியின்றிச் சுவரோரம் நின்று, தரையிலிருந்து கவடு வரை அளப்பது உட்கால் நீளம் ஆகும். இதனை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை வேண்டிய தொலைவு தோராயமாகக் கிடைக்கும். உட்கால் நீளம் 65 செ.மீ. எனில் இது 57.4 செ.மீ. ஆகும். இருக்கையை இதைவிட மிகவும் தாழ்த்தினால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி வலிக்கும்.

சட்டகம்

இருக்கையில் அமர்ந்தபடியே தரையில் கால் ஊன்ற வேண்டியதில்லை. இருக்கைக்கு முன்னால் இறங்கி நிற்கும்போது பாருக்கும் கவட்டுக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். எனவே பின்னோக்கித் தாழ்ந்து சரியும் பார் உள்ள சட்டகம் ஏற்றது.

சக்கரம்

பெரிய சக்கரம் சட்டகத்தின் முன்பகுதியை உயர்த்துகிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஜார்ஜீனா டெர்ரி 1985இல் தொடங்கிய நிறுவனம், இக்காரணத்தால் முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாக்கிய பெண்கள் சாலை மிதிவண்டிகளைத் தயாரித்தது.

மலை மிதிவண்டியில் 27.5 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு விட்டம் 584 மி.மீ.; 26 அங்குலத்தில் 559 மி.மீ. வட்டு நிறுத்தி இருந்தால் முன்னதற்குப் பதில் பின்னதைப் பொருத்தலாம். டயரின் தடிமன் மாறாவிடில் வண்டி 12.5 மி.மீ. தாழும். அப்போது மிதிகட்டை கல்லில் இடிக்கும் வாய்ப்பு கூடும். விளிம்பை அழுத்தும் நிறுத்தியில் கட்டை புதிய விளிம்புக்கு எட்டாது.

கிராங்க்

பெரியோர் வண்டிகளின் கிராங்க் பெரும்பாலும் 165 முதல் 175 மி.மீ. நீளமுடையது. 175 மி.மீ. கிராங்கை 155 மி.மீ. ஆக்கி இருக்கையை 2 செ.மீ. உயர்த்தினால், மிதிகட்டை மேலே வரும்போது முழங்காலுக்கு 4 செ.மீ. கூடுதல் இடம் கிடைக்கும். மிதிகட்டை தரையில் இடிப்பதும் குறையும். நெம்புதிறன் குறைவதை ஈடுசெய்ய, 32 பற்கள் கொண்ட முன்பற்சக்கரத்திற்குப் பதில் 28 பற்கள் கொண்டதைப் பொருத்தலாம்.

கைப்பிடியும் அதிர்வுத் தாங்கியும்

கைப்பிடி எட்டாவிடில் இருக்கையை முன்னே தள்ளுதல் தவறு. குறுகிய ஸ்டெம் பொருத்த வேண்டும். பிரேக் நெம்புகோலில் உள்ள திருகால் அதனை விரலுக்கு அருகே கொணரலாம். எடை குறைந்தவருக்கு அதிர்வுத் தாங்கியின் காற்றழுத்தத்தையும் குறைக்க வேண்டும். இல்லையேல் அது போதிய அளவு அமுங்காது.

சிறுவர் மிதிவண்டி

24 அங்குலச் சிறுவர் வண்டி பெரியவர் சிலருக்கு அளவில் பொருந்தும். ஆயினும் அதன் பாகங்கள் குறைந்த எடைக்கென அமைக்கப்பட்டிருக்கலாம் என்பதால், கரடுமுரடான பாதைக்குமுன் தயாரிப்பாளர் குறிப்பிடும் எடை வரம்பைச் சரிபார்த்தல் வேண்டும்.