மணவாளக்குறிச்சி மணலும் சாத்தூர்த் தீக்குச்சியும்

மின்சார மோட்டாருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தத்துக்காக உலக நாடுகள் மல்லுக்கு நிற்கும் செய்தியை நாள்தோறும் படிக்கும் வாசகர்களுக்கு, அரிய மண் உலோகங்களுள் ஒன்றாகிய நியோடிமியத்தின் மகிமையை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஆனால் அது கிடைக்கும் கடற்கரை மணலிலிருந்தே அதனினும் இரு மடங்குக்கு மேலாகக் கிடைக்கும் சீரியம் என்னும் உலோகம், கந்தக பூமி என்று பெயர்பெற்ற விருதுநகர்ச் சீமையின் அடுப்பங்கரை வரைக்கும் வந்து வயிற்றில் அடிக்கிற கதையை எவரும் சொல்லக் காணோம்.

பெட்டிக்கடையில் தொங்கும் பிளாஸ்டிக் லைட்டரில், முள்சக்கரத்துக்கு அடியில், சிறு சுருள்கம்பி ஒன்று மேல்நோக்கி நெருக்கிக்கொண்டிருக்கும் கறுத்த துண்டை எல்லோரும் லைட்டர் கல் என்கிறார்கள். சீரியமும் லாந்தனமும் கலந்த உலோகத்தோடு, அதன் மென்மை போகும்பொருட்டு இரும்பைச் சேர்த்து உருக்கியெடுத்த கலப்பு அது. கட்டைவிரல் சக்கரத்தைத் தள்ள, சக்கரத்தின் பற்கள் நுண்துகள்களைச் சுரண்டியெடுக்க, 200 டிகிரி உஷ்ணத்தை எட்டுமுன்பே பற்றிக்கொள்ளும் சுபாவம் உடைய சீரியம், காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி எரிந்து பொறியாகத் தெறிக்கிறது. கம்பி மத்தாப்பில் இரும்புத்தூள் பூவாகச் சிதறுவதற்கு மருந்தின் வெப்பம் துணைக்கு வர வேண்டும். சீரியத்துக்கோ உராய்வு ஒன்றே போதும். காஸ் விளக்கின் மேண்டிலுக்காக மோனசைட் என்னும் அந்த மணலிலிருந்து தோரியத்தைப் பிரித்தெடுத்தபின் குப்பையாகக் குவிந்து கிடந்த மிச்சத்திலிருந்து, ஆஸ்திரிய ரசாயன நிபுணர் ஒருவர் 1903ஆம் ஆண்டில் கண்டெடுத்த உபாயம் இது.

அந்த மிச்சம் ஏன் குவிந்தது என்பதில்தான் லாந்தனைடுகளின் ரசாயன ரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை, 57 தொடங்கி 71 முடிய உள்ள பதினைந்து தனிமங்களிலும், வரிசையில் ஏற ஏறப் புதிதாகச் சேரும் எலெக்ட்ரான் பெரும்பாலும் வெளிக்கூட்டுக்கு வராமல் உள்ளே 4f என்னும் அறையில் மறைந்துகொள்வதால், மூன்று எலெக்ட்ரான்களை இழந்து சேர்மமாகும் குணம் எல்லாவற்றுக்கும் பொதுவாகி, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பது பகீரதப் பிரயத்தனமாகிவிடுகிறது. அணுக்கரு இழுக்கும் இழுப்பில் அயனியின் ஆரம் 103 பிக்கோமீட்டரிலிருந்து 86க்குப் படிப்படியாகச் சுருங்குகிறதே, அந்த அற்ப வித்தியாசம் ஒன்றுதான் பிரிப்பவனுக்குப் பிடிமானம். 1841இல் ஒரே தனிமம் என்று நம்பி டிடிமியம் என்று பெயரிட்டதை, உப்பாக்கிப் படிகமாக்கி, கரைத்து, மறுபடி படிகமாக்கி, நியோடிமியம், பிரசியோடிமியம் என்று இரண்டாகக் காட்ட 1885 வரை காத்திருக்க நேர்ந்தது. நான்காவது எலெக்ட்ரானையும் எளிதில் கொடுத்துவிடும் சீரியம் இதற்கு விலக்கு. அதனாலேயே பிரிப்பதற்குச் சுலபமானதாக, மலிவானதாக ஆயிற்று.

நம் கடற்கரையில் இந்தச் செல்வம் இருப்பது 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டபோது வெளிப்பட்டது. அக்கடற்கரையைச் சேர்ந்த மணவாளக்குறிச்சியில் தேன்நிறத்தில் மின்னும் மோனசைட் மணியை வாரத் தொடங்கியது அதற்குப் பின்புதான்.

இனி, லைட்டரால் அடிபடும் தீப்பெட்டியின் கதைக்கு வருவோம். 1922இல் சிவகாசியிலிருந்து இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த வரலாறு எல்லோரும் அறிந்தது. மழை பொய்த்த கரிசல் காட்டில், அவர்கள் மூட்டிய அடுப்பு எத்தனை வீடுகளில் உலை கொதிக்க வைத்தது! இன்றைக்கும் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில், சட்டத்தை மடிக்கு நேரே சாய்த்து, பள்ளத்துக்கு ஒரு குச்சியாகக் கண் பாராமலே விரல்கள் அடுக்கிக்கொண்டு போவதைக் காணலாம். அடுக்கிய சட்டம் நிறைந்த பின்பே மருந்தில் முக்குவார்கள். பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. பல பெட்டிகளின் வேலையை ஒரு லைட்டர் செய்துவிடும்போது, அந்த விரல்களுக்கு வேலை ஏது?

இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023இல் மத்திய அரசு தடுத்தது. உதிரி பாகங்களாக வருவதை 2024இல் தடுத்தது. வரவேற்கிறேன். ஆயினும் என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. மோனசைட்டில் உள்ள அரிய மண் பொருளில் ஏறக்குறையப் பாதி சீரியம். நியோடிமியம் ஐந்தில் ஒரு பங்குதான். காந்தத்துக்கென்று எவ்வளவுக்கெவ்வளவு மணலைப் பிரிக்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு கேட்பாரற்ற சீரியம் மலையாகக் குவியும்; குவிந்த சரக்குக்குச் சுலபமான வடிகால் லைட்டர் கல்லாகவே இருந்துவிட்டால், வெளிநாட்டிலிருந்து வந்த ஆபத்தை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தவர்களாவோம். லைட்டரால் மரம் மிஞ்சும் என்பாரும் உளர். ஒருமுறை தீர்ந்ததும் எறியும் பிளாஸ்டிக்குக்கு அவர்கள் கணக்குச் சொல்வதில்லை.

கண்ணாடியை மெருகேற்றும் பொடிக்கும், வாகனப் புகையைத் தூய்மையாக்கும் கருவிக்கும் சீரியம் உத்தமமான பொருள். மணலுக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் அந்த ஆலைகளைக் காந்த ஆலையோடு கூடவே, கூடுமானால் வேலை குறைந்துவரும் இந்த விருதுநகர் மாவட்டத்திலேயே, நிறுவ வேண்டும். அதுவரையில் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: கடையில் நெருப்புக் கேட்கும்போது தீப்பெட்டியே கேட்டு வாங்குங்கள்.