உப்பு ஜாடி சொல்லும் சேதி

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் என்னென்ன நடக்கும் என்பது குடும்பத் தலைவிகளுக்கு நன்றாகத் தெரியும். உப்பு ஜாடியில் நீர் கசியும். பொரித்த அப்பளம் சற்று நேரத்தில் நமுத்துப் போகும். தீப்பெட்டி பற்ற மறுக்கும். கதவு ஊதிக்கொண்டு நிலைக்குள் அடங்காது. பீரோவைத் திறந்தால் பூஞ்சண வாடை மூக்கைத் துளைக்கும். "மழைக்காலம் என்றால் அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்கிறோம்.

ஆனால் பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்றும் சில வீடுகளில் உண்டு. இரவெல்லாம் குழந்தைக்கு மூச்சு இழுக்கும். உப்பு கசிவதற்கும் குழந்தைக்கு இழுப்பதற்கும் சம்பந்தம் இருக்குமா? இருக்கலாம் என்கிறது விஞ்ஞானம்.

காற்றுக்குள் தண்ணீர்

30 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் இடத்திலுள்ள காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் நிற்கும். மிச்சம் தண்ணீராகிவிடும். ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது இதனால்தான். காற்றில் இருக்கக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு நீராவி இருக்கிறது என்ற கணக்கைத்தான் ஈரப்பதம் என்கிறோம்.

ஈரப்பதம் 75-ஐ எட்டும்போது சுத்தமான உப்பே கசியத் தொடங்கும். ஆகவே உப்பு ஜாடியும் ஒரு கருவிதான். ஆனால் அது எச்சரிக்கும்போது காலம் கடந்துவிடுகிறது. ஈரப்பதம் நெடுநாள் 60-க்கு மேல் நின்றாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகள் வாழ்கின்றன. இவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடம்பால் உறிஞ்சிக்கொள்கின்றன. இவற்றின் கழிவு சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். காற்று 50-க்குக் கீழே நீடித்து உலர்ந்திருந்தால் இவை வற்றி மடியும். வீட்டின் ஈரப்பதம் 60-ஐத் தாண்டக் கூடாது, 30-க்கும் 50-க்கும் இடையில் இருப்பது உத்தமம் என்பது அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கூறும் யோசனை.

அச்சகத்தில் பிறந்த வித்தை

காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் வித்தை வீட்டுச் சௌகரியத்துக்காகத் தோன்றியதல்ல. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் இருந்தது. அங்கே வண்ணப் படங்களை ஒவ்வொரு நிறமாக அச்சிடுவார்கள். ஈரக் காற்றில் காகிதம் விரியும்; உலர்ந்தால் சுருங்கும். ஒரு நிறத்தின் மேல் மறு நிறம் சரியாகப் பொருந்தாது. 1902-ல் இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர் வில்லிஸ் காரியர் என்ற 25 வயது எஞ்சினீயர். குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தினார். ஈரம் தண்ணீராகக் குழாயில் படிந்தது; காற்று உலர்ந்தது. காகிதத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் பிறகு மனிதர்களைக் குளிர்விக்கும் ஏர்கண்டிஷனர் ஆயிற்று!

வீடு முழுவதற்கும் ஒன்று

ஏர்கண்டிஷனர் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். மெக்சிகோ வளைகுடாக் கரையிலுள்ள ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் நகரவாசிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் மழை பெய்து வெளியே இதமாக இருக்கும் நாட்களில் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும், யந்திரம் நின்றுவிடும். குளிர்ச்சி வந்தது, ஈரம் போகவில்லை! தேவைக்கு மீறிய பெரிய யந்திரம் வாங்கியவர்களுக்கும் இதே கதிதான். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகு, எரிபொருளை மிச்சம் பிடிக்க அமெரிக்கர்கள் சந்துபொந்தில்லாமல் வீடு கட்டத் தொடங்கினார்கள். குளியலாலும் சமையலாலும் மூச்சாலும் உண்டாகும் ஈரம் அவ்வீடுகளுக்குள்ளேயே தங்கிற்று.

இதற்குத்தான் வீடு முழுவதற்குமான ஈரம் நீக்கும் யந்திரம். அறைகளுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் தகரக் குழாய்களோடு இதை இணைக்கிறார்கள். காற்று முதலில் குளிர்ந்த சுருள் மேல் சென்று ஈரத்தை இழக்கும். பிறகு சூடான சுருள் மேல் சென்று உலர்ந்த காற்றாக வீட்டுக்குள் திரும்பும். பிரிந்த தண்ணீர் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும். நாளொன்றுக்கு 30 முதல் 70 லிட்டர் வரை எடுக்கும் யந்திரங்கள் உண்டு. ஆனால் இது குளிர்விக்கும் யந்திரம் அல்ல. ஒரு லிட்டர் நீராவி தண்ணீராகும்போது ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான உஷ்ணத்தை வெளிவிடுகிறது. யந்திரத்தின் சொந்தச் சூடும் இதோடு சேரும்.

நமக்கு வேண்டுமா?

சென்னையில் பெரும்பாலான வீடுகளில் அத்தகைய காற்றுக் குழாய்கள் கிடையாது. ஆகவே வீடு முழுவதற்குமான யந்திரம் நமக்குப் பொருந்தாது. மிகவும் அவசியமானால் ஓர் அறைக்கான சிறு யந்திரம் போதும். அதையும் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். திறந்து வைத்தால் கடற்காற்றையே உலர்த்தப் புறப்பட்ட கதையாகும்!

பணத்தைச் செலவழிக்குமுன் செய்ய வேண்டியவை சில. மாடியில் ஒழுக்கிருந்தால் அடையுங்கள். சுவருக்குள் கசியும் குழாயை மாற்றுங்கள். ஈரத் துணியைப் படுக்கை அறையில் உலர்த்தாதீர்கள். சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியேற்றும் விசிறி வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள். மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். நனைந்த பாயும் மெத்தையும் இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில் அதை வாங்கி, குழந்தை படுக்கும் அறையில் மாட்டுங்கள். இழுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. வைத்தியரிடம் காட்டுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த அறையில் முள் நாள்தோறும் 70-ஐக் காட்டினால், மருந்து ஒரு பக்கம் குணப்படுத்த, வீடு மறு பக்கம் கெடுத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த முறை உப்பு ஜாடி கசிந்தால் நாலு அரிசியைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். அது சமையலறைச் சேதி மட்டுமல்ல, படுக்கையறைச் சேதியும்கூட.