மாநிறத் தோலில் லேசர்: பணம் கட்டும் முன் கேளுங்கள்

முடி நீக்கும் லேசருக்கு ஆறு சிட்டிங், எட்டு சிட்டிங் என்று பேக்கேஜ் வாங்குகிறவர்கள் விலையைப் பேரம் பேசுகிறார்கள். எந்திரத்தின் அலைநீளம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. மாநிறத்தவரும் கறுத்த தோல் உடையவரும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

லேசருக்கு முடி தெரியாது, மெலனின் என்ற நிறமிதான் தெரியும். முடிவேரில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடேறுகிறது, வேர் வெந்துபோகிறது. சுற்றியுள்ள திசு தப்பிக்கும்படி நொடியின் சிறு பங்கு நேரமே ஒளியைப் பாய்ச்சலாம் என்று ஆண்டர்சனும் பாரிஷும் 1983-ல் விளக்கினார்கள். சிக்கல் என்னவென்றால், அதே மெலனின் மேல்தோலிலும் இருக்கிறது. நமக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

தோலுக்குள் ஒளி சிதறும் வழியை ஆய்வாளர்கள் கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள். லட்சக்கணக்கான ஒளித்துகள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் மான்டி கார்லோ முறை அது. ரத்த ஓட்டம் எவ்வளவு சூட்டை இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு பென்னஸ் 1948-ல் தந்த சமன்பாடு உதவுகிறது. இந்தக் கணக்கில் மேல்தோலின் மெலனினைக் கூட்டினால் வேருக்குப் போய்ச் சேரும் ஒளி குறையும், மேல்தோலின் சூடு ஏறும். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை நம் தோலுக்கும் வைத்தால் கொப்புளமும் கருந்தழும்பும் வருவது இதனால்தான். தோல் 44 டிகிரியைச் சுமார் ஆறு மணி நேரம் தாங்கும். 60 டிகிரியில் அது வெந்துபோகச் சில விநாடிகளே போதும்.

அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். அதனால் 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் கறுத்த தோலுக்கு ஆபத்து மிகுந்தது. 1064 நானோமீட்டர் என்டி-யாக் அதைவிடப் பாதுகாப்பானது. 810 அளவிலான டயோடு இடைப்பட்டது. சில இடங்களில் லேசர் என்று சொல்லி ஐபிஎல் விளக்கைப் பிடிப்பார்கள். பல அலைநீளங்கள் கலந்த அந்த ஒளி லேசரே அல்ல.

சிறு இடத்தில் சோதித்துப் பார்க்காமல் முழுக் காலுக்கும் முகத்துக்கும் சம்மதிக்காதீர்கள். வெயிலில் கறுத்திருந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கவசம் கட்டாயம். 1064 ஒளி கண்ணுக்குத் தெரியாது, விழித்திரையைச் சுட்டுவிடும்.

சுட்டுவிட்டதா? சுட்ட இடத்தைக் குளிர்ந்த குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். அன்றைக்கே படம் எடுத்துவைத்துத் தோல் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை தந்தவர் மருத்துவர் என்றால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் உங்கள் சிகிச்சைப் பதிவேட்டைத் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்பார்கள். அந்தக் கையெழுத்து அவர்களின் கவனக்குறைவை மன்னித்துவிடாது.

கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பார்லரைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக்கட்டணம் இல்லை. முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

பில் கேட்டால் தள்ளுபடி போய்விடும் என்பார்கள். பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். அதையும் புகாரில் சேர்த்து, ஃபோனில் பணம் அனுப்பிய ரசீதை இணையுங்கள்.