குழந்தைப் பொறுப்பு வழக்கில் மேல்முறையீடு

தாய் தந்தையருள் யாருடைய பொறுப்பில் குழந்தை வளர வேண்டும் என்று குடும்பநல நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு ஒருவருக்குப் பாதகமாக அமையும்போது, அவர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது, குறை அந்த உத்தரவிலேயே இருக்கிறதா அல்லது உத்தரவுக்குப் பின் நிலைமை மாறியதால் நேர்ந்ததா என்பதாகும். உத்தரவே பிழையானது என்றால் வழி மேல்முறையீடு. நிலைமைதான் மாறியிருக்கிறது என்றால், உத்தரவை மாற்றியமைக்குமாறு அதே நீதிமன்றத்தில் மனுச் செய்வதே முறை. குழந்தைப் பொறுப்பு பற்றிய உத்தரவுகள் என்றென்றைக்குமாக உறைந்துவிடுபவை அல்ல என்பதையும், குழந்தையின் நலன் கருதி அவை பின்னர் மாற்றப்படலாம் என்பதையும், சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

மேல்முறையீட்டுக்கான அடிப்படை, 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அதன்படி முறையீடு உயர் நீதிமன்றத்துக்குச் செல்கிறது. குறைந்தது இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, சட்டத்தை மட்டுமன்றி வழக்கின் சங்கதிகளையும் ஆராயலாம். இரு தரப்பும் இசைந்து பெற்ற உத்தரவின்மீது முறையிட இயலாது. வழக்கு நடக்கும்போதே பிறப்பிக்கப்படும் இடைக்கால உத்தரவையும் இப்பிரிவு விலக்கிவைப்பதால், அத்தகைய உத்தரவால் பாதிக்கப்பட்டோர் பொதுவாக அரசியலமைப்பின் 227-ஆம் உறுப்பின்கீழ், அதாவது கீழ் நீதிமன்றங்களை மேற்பார்வையிட உயர் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தின்கீழ், நிவாரணம் கோருகின்றனர்.

இச்சட்டம் தரும் கால அவகாசம் 30 நாள். இந்து திருமணச் சட்டம் தன்கீழ் எழும் முறையீடுகளுக்கு 90 நாள் வழங்குவதால் இதில் வாதப் பிரதிவாதம் எழுந்ததுண்டு எனினும், அந்த வாதத்தை நம்பி நாளைக் கடத்துவதைவிட 30 நாளையே எல்லையாகக் கொள்வது விவேகம். சான்றிட்ட நகல் பெறச் செலவாகும் நாள்கள் இக்கணக்கில் கழிக்கப்படும். அதற்கு மேலும் தாமதமானால், போதிய காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும்.

முறையீட்டைத் தாக்கல் செய்தாலே உத்தரவு நின்றுவிடும் என்ற எண்ணம் தவறானது, ஆபத்தானதும்கூட. உயர் நீதிமன்றம் தடையாணை வழங்கும்வரை உத்தரவு செயலில்தான் இருக்கும். அதை மீறிக் குழந்தையைத் தன்னிடமே நிறுத்திக்கொள்பவர் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைக்கு உள்ளாவதோடு, தன் வழக்கையும் தாமே பலவீனப்படுத்திக்கொள்கிறார். இன்னொரு சிக்கல் காலத்தால் வருவது. முறையீடு நீள நீளக் குழந்தை மறு தரப்பாரின் வீட்டிலும் பள்ளியிலும் வேரூன்றிவிடுவதால், அந்த நிலைமையைக் குலைக்க நீதிமன்றம் தயங்கும். ஆகவே தடையாணை கிடைக்காதபோதும், விரைந்த விசாரணையையும், இடைக்காலத்தில் குழந்தையைச் சந்திக்கவும் காணொளியில் பேசவும் அனுமதியையும் கோருவது இன்றியமையாதது.

முறையீட்டில் எதை வாதிடுவது என்பதே வழக்கின் உயிர்நாடி. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு குழந்தையின் நலனையே தலையாயதாக வைப்பதால், பெற்றோரின் உரிமையைப் பற்றிய முழக்கம் அங்கே எடுபடாது. சாட்சிகளை நேரில் கண்ட நீதிபதியின் மதிப்பீட்டை மேல் நீதிமன்றம் எளிதில் புறந்தள்ளுவதில்லை. எனவே எந்தச் சான்று கவனிக்கப்படவில்லை, விவரம் அறிந்த வயதுடைய குழந்தையின் விருப்பம் கேட்கப்பட்டதா, எந்த முடிவுக்குக் காரணம் கூறப்படவில்லை என்று பிழைகளைக் குறிப்பாகச் சுட்ட வேண்டும். வாழ்க்கைத் துணைமீது பழைய குற்றச்சாட்டுகளை அடுக்கும் முறையீட்டு மனு, குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லாத மனுவாகவே முடிகிறது.