கைப்பட்டை காட்டாத பிரஷர்

"பிரஷர் 110/70, நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் பாட்டிக்கு மூச்சு வாங்குது?" நிபோங் திபால் அருகே பைராம் தோட்டத்துப் பக்கம் ஒரு மகள் இப்படிக் கேட்டால், அது நியாயமான கேள்விதான். அளந்த இடம்தான் வேறு. கையில் கட்டும் பட்டை, உடம்புக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தத்தைச் சொல்கிறது. பலவீனமான இதயத்தில் தொல்லை அதற்குப் பின்னால் இருக்கிறது. வந்த ரத்தத்தைத் தள்ள முடியாமல் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிகிறது. அப்போதும் கைப் பிரஷர் சரியாகவே இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம்.

அந்த உள்ளழுத்தத்தை அளக்க, நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழாயை 1970-இல் ஸ்வானும் கான்ஸும் கொண்டுவந்தார்கள். ஆனால் 433 நோயாளிகளை வைத்து நடந்து 2005-இல் வெளியான எஸ்கேப் ஆய்வில், எல்லாருக்கும் வழக்கமாக அதைச் செருகுவதால் பலன் கூடவில்லை. டாக்டர் அதைப் பரிந்துரைத்தால், எனக்கு ஏன் தேவை, ரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் எவ்வளவு சாத்தியம் என்று கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நுரையீரல் தமனியில் பொருத்தும் உணரிக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூச்சு திணறுவதற்குப் பல நாள் முன்பே அழுத்தம் ஏறுவதை அது காட்டும். விலைதான் எட்டாது.

எட்டுவது எடைத் தராசு. காலையில் கழிவறை போய்வந்ததும், பசியாறுவதற்கு முன், ஏறி நின்று நாள்காட்டிக் கட்டத்தில் எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையல்ல, ஏறக்குறைய 2 லிட்டர் நீர். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், நீர் தேங்கியிருந்தால் விரலை எடுத்த பிறகும் குழி நிற்கும். படுக்கத் தேவைப்படும் தலையணை ஒன்றிலிருந்து மூன்றானாலும் அதே கதைதான். அன்றே கிளினிக்குக்குப் போங்கள், நாள்காட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு. உட்கார்ந்தும் மூச்சு அடங்காவிட்டால் 999.

உப்புக்குப் பயந்து கருவாட்டை நிறுத்தியவர்கள்கூட மூட்டுவலி மாத்திரையைக் கணக்கில் எடுப்பதில்லை. டைக்குளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைப்பவை. டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான். தனியார் மருத்துவமனையில் சிகிச்சைக்கு முன்பே உத்தேசக் கட்டணத்தைக் கேட்டு அறியலாம், குறையிருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். தனியார் மருத்துவமனைகளுக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது.

வேலை செய்ய முடியாமல் போனவர்கள் மறப்பது, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவை. நோய் வேலையால் வந்திருக்க வேண்டியதில்லை. இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். சந்தா கட்டிய மாதக் கணக்கும் டாக்டரின் அறிக்கையும் வேண்டும். விண்ணப்பம் பொதுவாக 60 வயதுக்கு முன் போய்ச் சேர வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.