கடலில் விழுந்த இரண்டு விமானங்கள்

கனிஷ்காவை வீழ்த்தியது வெடிகுண்டு. ஈரான் விமானத்தை வீழ்த்தியது ஏவுகணை. ஒன்றைப் பயங்கரவாதம் என்கிறோம், மற்றதைப் போர்க்கால விபத்து என்கிறோம். இந்தப் பாகுபாடு நியாயம்தானா?

1985 ஜூன் 23. மான்ட்ரியலிலிருந்து லண்டன் வழியாக டெல்லிக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம், அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் 31,000 அடி உயரத்தில் வெடித்துச் சிதறுகிறது. 329 பேர் பலி. வான்கூவரில் ஏற்றப்பட்ட ஒரு பெட்டிக்குள் குண்டு இருந்தது. பெட்டியை ஒப்படைத்த ஆசாமி விமானத்தில் ஏறவேயில்லை.

1988 ஜூலை 3. பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் 655 விமானத்தை, புறப்பட்ட ஏழாவது நிமிடத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் சுட்டு வீழ்த்துகிறது. 290 பேர் பலி. அவர்களில் 10 பேர் இந்தியர்கள்.

இரண்டிலும் இறந்தவர்கள் சாதாரணப் பயணிகள். குழந்தைகள் இரண்டு விமானங்களிலும் இருந்தார்கள். ஆனாலும் முதலாவதைப் பயங்கரவாதம் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. இரண்டாவதுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. செய்திகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பயங்கரவாதிகள் என்றால் ‘கொன்றனர்’ என்று வாக்கியம் முடியும். விமானப்படை என்றால் ‘தாக்குதலில் பொதுமக்கள் பலியாயினர்’ என்று முடியும். எழுவாய் காணாமல் போய்விடுகிறது. 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்க ராணுவம் அன்றாடம் உச்சரித்த ‘கொலாட்டரல் டேமேஜ்’ என்ற சொல்லைத் தமிழாக்கத் திணறாத பத்திரிகையாளர் இல்லை. ‘உடன்நிகழ் சேதம்’ என்று எழுதினால், ஏதோ சுவரில் விரிசல் விழுந்தது போலிருக்கிறது.

இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு அறத்தைப் பார்க்கலாம். வழக்கமான பதில்: நோக்கம் வேறு. கனிஷ்காவில் குண்டு வைத்தவர்களுக்குப் பயணிகளின் சாவுதான் வேண்டியிருந்தது. 1984ல் பொற்கோயிலில் நடந்த ராணுவ நடவடிக்கைக்குப் பழிவாங்க, அதற்குச் சம்பந்தமேயில்லாத குடும்பங்கள் பலியாக்கப்பட்டன. யாரும் சாகாமல் போயிருந்தால் சதி தோற்றுவிட்டதாகவே அவர்கள் வருந்தியிருப்பார்கள். வின்சென்ஸ் கப்பல் கேப்டனோ, தன்னை நோக்கி வருவது எஃப்-14 போர் விமானம் என்று நம்பினார். பயணிகள் விமானம் என்று தெரிந்திருந்தால் சுட உத்தரவிட்டிருக்க மாட்டார். இந்த வேறுபாடு உண்மையானது. இதை மறுப்பவர், கொலைக்கும் விபத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் நோக்கம் தவறில்லை என்பதோடு கணக்கு தீர்ந்துவிடுமா? நம் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. கண்மண் தெரியாமல் லாரி ஓட்டி ஆளைக் கொன்றவர் கொலைகாரர் அல்ல. ஆனாலும் அவர் குற்றவாளி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106 என்று எண் மாறியதே தவிர, கருத்து மாறவில்லை. கொலைக்கும் விபத்துக்கும் நடுவே ‘கொலையாகாத மரணம்’ என்றொரு படியும் உண்டு. சாதாரணக் குடிமகனுக்கு இத்தனை படிகள் இருக்கும்போது, ஏவுகணை வைத்திருப்பவருக்கு மட்டும் ஏன் ஒரே தாவலில் விடுதலை?

வின்சென்ஸ் விஷயத்தில் அமெரிக்கக் கடற்படையே விசாரணை நடத்தியது. ஈரான் விமானம் வழக்கமான வான்பாதையில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கப்பலின் கருவிகளும் அதைச் சரியாகத்தான் காட்டின. பதற்றத்தில் இருந்த மாலுமிகள், அது தங்களை நோக்கி இறங்கி வருவதாகப் புரிந்துகொண்டார்கள். அப்போது கப்பல் ஈரானின் கடல் எல்லைக்குள் இருந்தது என்பது 1992ல்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது.

யார் கை என்பதல்ல

நோக்கத்தை அளவுகோலாக வைத்தால் அரசுகளுக்குச் சங்கடமான இன்னொரு முடிவும் வருகிறது. 1945 மார்ச் 9-10 இரவு டோக்கியோவின் மரவீடுகள் மீது அமெரிக்க பி-29 விமானங்கள் தீக்குண்டுகளைக் கொட்டின. ஒரே இரவில் சுமார் 1 லட்சம் பேர் மாண்டார்கள். அங்கே குறி தவறவில்லை, குடியிருப்புகள்தான் குறி. போரில் தோற்றிருந்தால் தாங்கள் போர்க்குற்றவாளிகளாக நின்றிருப்போம் என்று அந்தத் தாக்குதலுக்குத் தலைமை வகித்த லெமே சொன்னதாக, அவரிடம் பணியாற்றிய மக்னமாரா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சீருடை அணிந்திருப்பதால் ஒரு செயலின் குணம் மாறுவதில்லை. அதேபோல, ஒடுக்கப்பட்டவர் என்பதால் பேருந்தில் குண்டு வைக்கும் உரிமையும் வருவதில்லை.

1977ல் உருவான ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறை இதைத்தான் சட்டமாக்க முயன்றது. பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது. கிடைக்கும் ராணுவப் பலனுக்கு மிஞ்சிய உயிர்ச்சேதம் ஏற்படக் கூடாது. தாக்கும் முன் இயன்ற எச்சரிக்கைகளை எல்லாம் எடுக்க வேண்டும். அமெரிக்காவும் இந்தியாவும் இதில் இன்றுவரை சேரவில்லை. அதே ஆண்டு வெளியான தன் நூலில் அமெரிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் வால்ஸர் ஒரு படி மேலே போனார். கொல்லும் எண்ணம் இல்லை என்றால் மட்டும் போதாது. பொதுமக்களைக் காப்பாற்றப் படைவீரர் தன் தலைமேல் ஆபத்தை ஏற்கவும் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இது மேல்நாட்டுச் சிந்தனை மட்டுமல்ல. போருக்கு முன் பெண்களையும் நோயாளிகளையும் பாதுகாப்பான இடம் தேடச் சொல்லி அறிவித்த பாண்டியன் முதுகுடுமியை நெட்டிமையார் புறநானூற்றில் போற்றுகிறார். பகைவர் ஊரை எரித்த மன்னர்களுக்கும் அதே தொகையில் புகழ்மாலை உண்டு. நெறி தெரிந்தே மீறப்படுவது புதிதல்ல.

‘நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை’ என்ற சொல்லை எப்படிச் சோதிப்பது? அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான். 1996ல் அமெரிக்கா, இறந்த ஈரானியர்களின் குடும்பங்களுக்கு 6.18 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை. கேப்டன் மீது நடவடிக்கை இல்லை. கப்பலில் பணியாற்றிய காலத்துக்காக 1990ல் அவருக்குப் பதக்கமே கிடைத்தது.

கனிஷ்கா வழக்கில் தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர். 2005ல் மற்ற இருவர் விடுதலையானார்கள். ஆனால் கனடா அரசு, எச்சரிக்கைகளைக் கோட்டைவிட்டது பற்றி விசாரணைக் கமிஷன் அமைத்தது. 2010 ஜூன் 23 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார். 25 ஆண்டுத் தாமதம்தான். இருந்தாலும் விசித்திரம் இது: கொல்லாத அரசு மன்னிப்புக் கேட்டது, கொன்ற அரசு கேட்கவில்லை.

பயங்கரவாதமும் போர்க்காலச் சாவும் ஒன்றல்ல. ஆனால் அந்த வேறுபாட்டைச் சொல்லிச் சலுகை கேட்கிற அரசு, அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும்: உண்மையைச் சொல்வது, பொறுப்பேற்பது, அடுத்த முறை விரலை நிதானிப்பது. இவை இல்லாவிட்டால் ‘நோக்கம் இல்லை’ என்பது வெறும் சாக்கு.

அயர்லாந்தின் அஹாகிஸ்டா கிராமத்தில் ஆண்டுதோறும் ஜூன் 23 அன்று கனிஷ்கா குடும்பத்தினர் கூடுகிறார்கள். அடுத்த பத்தாம் நாள் ஜூலை 3. வளைகுடாவில் படகுகளிலிருந்து ஈரானியர்கள் மலர் தூவுவதும் பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. அங்கே போய் நோக்கங்களின் வேறுபாட்டை விளக்கத் துணிகிறவர், பதக்கத்தைப் பற்றியும் விளக்கத் தயாராக இருக்க வேண்டும்.